பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியா இருந்தா ரத்தம் குறையுமா, மூச்சு வாங்குமா?

மேலூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அம்மாவுக்கு 70 தாண்டிருச்சு, ரத்தம் ஏத்தியும் ஹீமோகுளோபின் திரும்பத் திரும்ப 7க்கு வந்து நிக்குது, வெளிக்கிப் போறதுல ரத்தம் தெரியல, சாப்பிட்டு எந்திரிச்சா மூச்சு வாங்குது, எக்கோ பாத்துட்டு ஹார்ட் பம்ப்பிங் நல்லாருக்குன்னுட்டாங்க, சிடி ரிப்போர்ட்டுல கடைசில பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியா (இரைப்பை நெஞ்சுக்குள்ள ஏறுறது) இருக்குன்னு ஒரு வரி, அதப் பத்திக் கேட்டா கேஸ் ட்ரபிள்தான், வெறும் வயித்துல பேன்டோப்ரசோல் போடுங்கன்னு அனுப்பிட்டாங்க. ரத்தக் குறைவு, மூச்சு வாங்குறது, ஹெர்னியா இந்த மூணுக்கும் சம்பந்தம் உண்டா, ஆபரேஷன் கண்டிப்பா வேணுமான்னு கேக்குறாரு.

சம்பந்தம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் தம்பி. ஆபரேஷன் பத்தி கடைசில வர்றேன். நான் மதுரைல சிடி, எம்ஆர்ஐ படம் பாத்து ரிப்போர்ட் எழுதுற டாக்டர், ஆபரேஷன் பண்றவன் இல்ல, அதனால படத்துல என்ன தெரியுதோ அங்க இருந்துதான் பேசுவேன். என்னோட கருத்து என்னன்னா, சின்ன ஹையாட்டஸ் ஹெர்னியாவ ஆசிட் பிரச்சினைன்னு பாக்குறது சரி, ஆனா பெருசா போனதுக்கப்புறம் அது இடப் பிரச்சினை, ரத்த ஓட்டப் பிரச்சினை. அப்பவும் அதே கேஸ் மாத்திரையோட நிறுத்திக்கிறதுனாலதான் இப்படி ஆளுக மாசக்கணக்கா ஒரு ஓபி விட்டு இன்னொரு ஓபின்னு அலையிறாங்க.

மொதல்ல உள்ள என்ன எங்க இருக்குன்னு பாத்துருவோம், அது புரிஞ்சா மிச்சமெல்லாம் தானா புரியும். நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற டயாஃபிரம்னு ஒரு தசைத் தடுப்பு இருக்குல்ல, அதுல பெருசா மூணு வழி இருக்கு. கால், வயித்துல இருந்து கெட்ட ரத்தத்த ஹார்ட்டுக்குக் கொண்டு போற பெரிய வெயின் நெஞ்சுப் பகுதி முதுகெலும்புல எட்டாவது எலும்பு உயரத்துல போகுது, உணவுக்குழாய் பத்தாவதுல இறங்குது, ஹார்ட்ல இருந்து வர்ற பெரிய ரத்தக்குழாய் அயோர்ட்டா பன்னெண்டாவதுல, முதுகெலும்ப ஒட்டி இறங்குது. உணவுக்குழாய் இறங்குற அந்த நடு வழி தளர்ந்து போயி இரைப்பை அது வழியா நெஞ்சுக்குள்ள ஏறுறதுதான் ஹையாட்டஸ் ஹெர்னியா. நூத்துல 95 பேருக்கு உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்ற இடம் மட்டும் கொஞ்சம் மேல வழுக்கி வந்துருக்கும், நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், அதோட சரி. மிச்ச சிலருக்குத்தான் இரைப்பையோட பாதி, சிலருக்கு முழுசும், அதுலயும் சிலருக்கு பெருங்குடல், மண்ணீரல், கணையம் வரைக்கும் கூடவே மேல ஏறிரும். வயசாக ஆக, கூன் விழ விழ, இது பெருசாகும். வயித்துக்குள்ள அழுத்தம் ஜாஸ்தி, நெஞ்சுக்குள்ள ஒவ்வொரு மூச்சு இழுக்கையிலயும் அழுத்தம் குறையுது, வழி தளர்ந்துருச்சுன்னா மேல இழுத்துக்கிட்டே இருக்கும். நம்ம பக்கம் காலம் பூராம் குனிஞ்சு நாத்து நட்டு களை எடுத்த பொம்பளைங்களுக்கு கூனும் எலும்புத் தேய்மானமும் சேர்ந்து 70 வயசுல வந்து நிக்கிறது வழக்கமா பாக்குறதுதான்.

இப்படி மேல ஏறுன இரைப்பை எங்க போயி உக்காருதுன்னு பாருங்க. அதுக்கு நேரா முன்னாடி ஹார்ட்டோட இடது மேலறை, அதான் லெஃப்ட் ஏட்ரியம். பின்னாடி அயோர்ட்டா. ரெண்டு பக்கமும் நுரையீரல்ல இருந்து நல்ல ரத்தம் கொண்டு வர்ற வெயின்க. கீழ, டயாஃபிரம் வழியில, இரைப்பையோட கழுத்து இறுக்கிப் புடிச்சு நிக்குது. ரத்தக்குழாய் சம்பந்தமா வர்ற சிக்கல் எல்லாமே இந்த அக்கம்பக்கத்தாலதான்.

ரத்தம் குறையுற கதைக்கு வருவோம், உங்க அம்மா விஷயத்துல இதான் முக்கியம். டயாஃபிரம் இரைப்பைய இறுக்குற அந்த இடத்துல, இரைப்பையோட உள் மடிப்பு மேல நீளவாக்குல கீறுன மாதிரி புண்ணு வரும். பேரு கேமரூன் புண். அமெரிக்கா மேயோ கிளினிக்ல இருந்த கேமரூன்னு ஒரு டாக்டர் 1976ல, பெரிய ஹெர்னியா இருக்குறவங்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு ஏன் அதிகமா வருதுன்னு எழுதுனாரு, அப்புறம் 1986ல எண்டோஸ்கோப்பில இந்தக் கீறல் புண்ண விவரமா காட்டுனாரு, அதனால அவரு பேரே நின்னுருச்சு. நாம ஒரு நாளைக்கு 20 ஆயிரம் தடவைக்கு மேல மூச்சு விடுறோம், ஒவ்வொரு தடவையும் டயாஃபிரம் ஏறி இறங்குது, இரைப்பை அந்த விளிம்புல உரசிக்கிட்டே இருக்கு. உரசல் ஒரு பக்கம், இறுக்கத்துல அந்த மடிப்புக்கு ரத்தம் சரியா போகாதது ஒரு பக்கம், ஆசிட் ஒரு பக்கம், மூணும் சேர்ந்துதான் புண்ணு. ஹெர்னியா இருக்குற எல்லாருக்கும் வராது, ஹெர்னியாவோட எண்டோஸ்கோப்பி பண்ணிக்கிறவங்கள்ல நூத்துல 5 பேருக்குன்னு வச்சுக்கலாம், ஹெர்னியா பெருசாக பெருசாக அது கூடும்.

வெளிக்கிப் போறதுல ரத்தம் தெரியலயே, அப்புறம் எப்படிக் குறையுதுன்னு கேட்டிருக்கீங்க. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ரத்தம் சரியான அளவுல இருக்குற ஒருத்தருக்கு ஒரு மில்லி ரத்தத்துல அரை மில்லிகிராம் இரும்பு இருக்கு. சாப்பாட்டுல இருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுறது 1, 2 மில்லிகிராம்தான், அதுவே வழக்கமான செலவுக்குச் சரியாப் போயிரும். இந்தப் புண்ணுல இருந்து தினம் ஒரு டீஸ்பூன், 5 மில்லி, கசிஞ்சா 2.5 மில்லிகிராம் கூடுதலா போகுது. வெளிய பாத்தா எதுவுமே தெரியாது, ஏன்னா மேல் வயித்துல இருந்து 50 மில்லிக்கு மேல ஒழுகுனாத்தான் மலம் தார் கறுப்பா மாறும். ஒரு யூனிட் ரத்தம் ஏத்துனா அதுல 200, 250 மில்லிகிராம் இரும்பு வரும், மேல சொன்ன வேகத்துல ஒழுகுனா மூணு மாசத்துல காலி. ரத்தம் ஏத்துனோம், ஏறுச்சு, மறுபடி இறங்கிருச்சுன்னு நீங்க எழுதியிருக்கீங்கள்ல, அதுக்கு இந்தக் கணக்கு ஒத்துப் போகுது. இன்னொரு குழப்பம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலே மலம் கறுப்பாத்தான் போகும், அதனால மாத்திரை ஆரம்பிச்சதுக்கப்புறம் நிறத்த மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. பிசுபிசுன்னு, ஒரு மாதிரி வீச்சத்தோட போனா அது ரத்தம், சும்மா கறுப்பா கெட்டியா போனா மாத்திரை.

இது இரும்புச்சத்து போனதால வந்த ரத்தக்குறைவுதானான்னு மொதல்ல உறுதி பண்ணணும். ரத்த டெஸ்ட்ல எம்சிவி (சிவப்பு அணுவோட அளவு) 80க்குக் கீழ, ஃபெரிட்டின் (உடம்புல இருக்குற இரும்புச் சேமிப்பு) ரொம்பக் கம்மின்னு வரும். வீட்டுலயே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு, அம்மா சும்மா இருக்கையில பச்சரிசிய அள்ளி வாயில போட்டு மெல்றாங்களா? இல்ல ஐஸ் கேக்குறாங்களா? இரும்புச்சத்து தீந்து போனவங்களுக்கு இந்த ஆசை வரும், நம்ம வீடுகள்ல அதப் பழக்கம்னு விட்டுருவாங்க, டாக்டர்கிட்டயும் சொல்ல மாட்டாங்க.

எண்டோஸ்கோப்பி பண்ணியாச்சு, புண்ணு இல்லன்னுட்டாங்கன்னு சொன்னாலும் அதோட விடாதீங்க. இந்தப் புண்ணு நேரா உள்ள போற குழாய்க்கு லேசுல அகப்படாது. இரைப்பைக்குள்ள போயி குழாய யு டர்ன் அடிச்சுத் திருப்பி, கீழ இருந்து மேல டயாஃபிரம் இறுக்குற எடத்த மடிப்பு மடிப்பா பாக்கணும். அதோட ஆறி ஆறி திரும்ப வர்ற புண்ணு, இன்னைக்கு இல்லாதது அடுத்த மாசம் இருக்கும். அதனால எண்டோஸ்கோப்பி பண்றவர்கிட்ட முன்கூட்டியே, அம்மாவுக்குப் பெரிய ஹெர்னியா இருக்கு, ரத்தம் குறைஞ்சுக்கிட்டே இருக்கு, கேமரூன் புண் இருக்கான்னு பாத்துருங்க சார்னு வாய விட்டுக் கேளுங்க. கேக்குறதுல தப்பே இல்ல.

ஆனா ஒண்ணு, இத நான் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். 70 வயசுல காரணம் தெரியாம இரும்புச்சத்து குறையுதுன்னா பெருங்குடலையும் பாத்தே ஆகணும். ஹெர்னியா இருக்குறதுனால அதுதான் காரணம்னு முடிவு கட்டி கொலனோஸ்கோப்பிய விட்டுட்டா, பெருங்குடல்ல ஒரு கட்டி சத்தமில்லாம வளந்துக்கிட்டு இருக்கலாம். ரெண்டையும் ஒரே நாள்ல பண்ற இடங்களும் இருக்கு, கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, மூட்டு வலிக்கு அம்மா மெடிக்கல்ல சொல்லி வாங்குற வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், பேரு எதுவா இருந்தாலும் சரி, புண்ணு இருக்குற இரைப்பைல அது ரத்தக் கசிவக் கூட்டும். ஒவ்வொரு ஊர்லயும் டவுன் பஸ் நிக்கிற எடத்துல ஒரு மெடிக்கல் ஷாப்பு, பத்து ரூபா குடுத்தா நாலு மாத்திரைய ஒரு காகிதத்துல மடிச்சுக் குடுத்துருவாங்க, அதுல என்ன இருக்குன்னு வாங்குறவங்களுக்குத் தெரியாது. அதக் கட் பண்ணுங்க, பாராசிட்டமால் போதுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை ஹார்ட்டுக்குன்னு எழுதிக் குடுத்திருந்தா மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க, ஸ்டென்ட் வச்சவங்க திடீர்னு நிறுத்துனா அது வேற ஆபத்து.

இப்ப மூச்சு வாங்குறது. ஹீமோகுளோபின் 7 இருந்தாலே மூச்சு வாங்கும், அது ஒண்ணு. ஆனா சாப்பிட்ட பிறகு கூடுதுன்னு நீங்க எழுதுனதாலதான் இந்தப் பதிலே இம்புட்டு நீளமா போகுது. லெஃப்ட் ஏட்ரியம் ஹார்ட்டோட அறைகள்லயே முதுகுப் பக்கம் இருக்குற அறை, சுவரு மெல்லிசு, உள்ள அழுத்தமும் கம்மி, 10 மில்லிமீட்டர் பாதரசம் அக்கம்பக்கம்தான். கீழறை 120 அழுத்தத்துல அடிக்கிற தசை, அத யாரும் அமுக்க முடியாது. நெஞ்சுக்குள்ள ஏறுன இரைப்பைல சோறும் தண்ணியும் காத்தும் நெறஞ்சதும் அது வீங்கி முன்னாடி இருக்குற இந்த மெல்லிசு அறையத்தான் தள்ளும். அறை சப்பிப் போனா நுரையீரல்ல இருந்து ரத்தம் உள்ள வர எடமில்ல, பின்னாடி நுரையீரல்லயே தேங்கும், முன்னாடி உடம்புக்குப் போறது குறையும். அதனாலதான் சாப்பிட்டதும் மூச்சு, படபடப்பு, சிலருக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு மயக்கம். குனிஞ்சா, படுத்தா ஜாஸ்தியாகும். ஏட்ரியத்த உறுத்திக்கிட்டே இருந்தா ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன்னு துடிப்பு தாறுமாறா போறதும் சிலருக்கு வருது. இரைப்பை பக்கவாட்டுல போயி உக்காந்தா நுரையீரல் வெயின்கள்ல கீழ இருக்குறது அமுங்கும், அப்ப அந்தப் பக்கத்து நுரையீரல்ல மட்டும் நீர் கோத்த மாதிரி படத்துல தெரியும், நிமோனியான்னு ஆன்டிபயாடிக் ஓடிக்கிட்டு இருக்கும். கீழருந்து வர்ற பெரிய வெயின் அமுங்குறது ரொம்ப அபூர்வம், அப்படி ஆனா கால் வீங்கும், பிரஷர் இறங்கும்.

அப்ப எக்கோல நல்லாருக்குன்னு எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. பம்ப்பிங் நல்லாத்தான் இருக்கும், கீழறை தசைல ஒரு குறையும் இல்லையே. அதோட எக்கோவ எப்ப எடுத்தாங்க? வெள்ளன வெறும் வயித்தோட வந்து வரிசைல உக்காந்து எடுத்திருப்பீங்க, அப்ப இரைப்பை காலி, அமுக்க ஆளில்ல. சாப்பிட்டு அரை மணி நேரத்துல, மூச்சு வாங்கையில எடுத்தாத்தான் தெரியும். அப்படி எடுக்கையில லெஃப்ட் ஏட்ரியத்துக்குப் பின்னாடி ஒரு கட்டி இருக்குற மாதிரி எக்கோல தெரியும், பாக்குறவருக்கே ஒரு நிமிஷம் பதறும், ஹார்ட்டுக்குள்ள கட்டியோன்னு. அதப் பிரிச்சுப் பாக்க ஒரு பழைய யுக்தி இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்ச டெஸ்ட்டு, செலவு ஒரு கோலி சோடா. படுத்துருக்குற பேஷன்ட்ட லேசா நிமித்தி ரெண்டு மடக்கு சோடா குடிக்கச் சொல்லிட்டு எக்கோ புரோப அதே எடத்துல அசையாம வச்சுப் பாத்தா, சில நொடில அந்தக் 'கட்டி'க்குள்ள வெள்ளை வெள்ளையா பொறி பொறியா சுழலும். காத்துக் குமிழி அல்ட்ராசவுண்ட பளிச்சுன்னு திருப்பி அனுப்பும், அதான் அந்த வெள்ளை. குடிச்ச சோடா அங்க போயி சேருதுன்னா அது ஹார்ட்டுக் கட்டியில்ல, இரைப்பை. சொல்லிட்டேன்னு வீட்டுல நீங்களா சோடா வாங்கிக் குடுத்து டெஸ்ட் பண்ணாதீங்க, கேஸ் ஏறி அம்மாவுக்கு இன்னும் திணறும்.

ஆஸ்திரேலியால சிட்னில 2011ல இத வெச்சு ஒரு நல்ல ஆராய்ச்சி வந்துச்சு. பெரிய ஹெர்னியா இருக்குறவங்கள ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் எக்கோ, மூச்சு டெஸ்ட்டு, டிரெட்மில் மாதிரி உடற்பயிற்சி டெஸ்ட்டு எல்லாம் வச்சுப் பாத்தாங்க. நுரையீரல் நசுங்குறதாலதான் மூச்சு வாங்குதுன்னு அதுவரைக்கும் பெரும்பாலும் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, ஆனா ஆபரேஷனுக்கப்புறம் ஆளுகளோட தெம்பு கூடுனதுக்கு லெஃப்ட் ஏட்ரியம் மேல இருந்த அமுக்கம் விலகுனதுதான் முக்கியக் காரணம்னு காட்டுனாங்க. இதப் படிச்சதுக்கப்புறம் பெரிய ஹெர்னியா படம் வந்தா ஏட்ரியம் எம்புட்டு சப்பிருக்குன்னு எழுதாம நான் ரிப்போர்ட்ட முடிக்கிறதில்ல.

ஈசிஜிலயும் இது வெளையாடும். அதுல எஸ்டிங்கிற கோடு ஏறுறது, டிங்கிற அலை தலைகீழா போறதுன்னு அசல் ஹார்ட் அட்டாக் போலவே காட்டுனதா எழுதியிருக்காங்க. ஆனா இதத் தலைகீழா புரிஞ்சுக்காதீங்க. நெஞ்சு வலிச்சா அது ஹெர்னியாதான்னு வீட்டுல உக்காந்துறக் கூடாது. 70 வயசுல நெஞ்சு வலின்னா மொதல்ல ஈசிஜி, ட்ரோபோனின்னு ஹார்ட் அட்டாக்குக்கு எடுக்குற ரத்த டெஸ்ட்டு, ஹார்ட் இல்லன்னு உறுதியானதுக்கப்புறம்தான் ஹெர்னியா பேச்சு. டாக்டர்கிட்ட மட்டும் பெரிய ஹெர்னியா இருக்கு, ரத்தம் கசியுதுன்னு முதல் வார்த்தைலயே சொல்லிருங்க, ஏன்னா ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி போடுறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது.

மூணாவது, இரைப்பை முறுக்கிக்கிறது. இதான் அவசரம். மேல ஏறுன இரைப்பைக்குப் புடிமானம் இல்ல, ஈரத்துணியப் புழியுற மாதிரி தன்னோட அச்சுலயே முறுக்கிக்கும். முறுக்கு விழுந்ததும் மொதல்ல அடைபடுறது வெயின், சுவரு மெல்லிசு, அழுத்தம் கம்மி. ரத்தம் உள்ள வரும், வெளிய போகாது, இரைப்பை வீங்கும், வீங்க வீங்க ரத்தம் கொண்டு வர்ற ஆர்ட்டரியும் அடைக்கும், அப்புறம் சுவரு செத்துப்போயி ஓட்டை விழும். ஒரு நல்ல விஷயம், இரைப்பைக்கு நாலஞ்சு பக்கம் இருந்து ஆர்ட்டரி வருது, லெஃப்ட் கேஸ்ட்ரிக், ரைட் கேஸ்ட்ரிக், கீழ் வளைவுல ரெண்டு, மண்ணீரல் பக்கம் இருந்து குட்டி குட்டியா சில, அதனால குடல் அளவுக்கு வேகமா அழுகிறாது, கொஞ்சம் அவகாசம் குடுக்கும். ஆனா அந்த அவகாசத்த கேஸ் ஊசி போட்டுத் தீத்துறக் கூடாது. 1904ல போர்ஷார்ட்னு ஒரு டாக்டர் சொன்ன மூணு அடையாளம் இன்னைக்கும் செல்லும்: மேல் வயித்துல இல்ல நெஞ்சுல கடுமையான வலி, ஓங்கரிச்சு ஓங்கரிச்சு எதுவும் வெளிய வராதது, மூக்கு வழியா குழாய் விட்டா இரைப்பைக்குள்ள எறங்காதது. மூணாவது ஆஸ்பத்திரில தெரியும், முதல் ரெண்டு வீட்டுல தெரியும். அப்படி ஆனா ராத்திரி எந்நேரமானாலும் 108ஐக் கூப்பிட்டுருங்க, பொழுது விடியட்டும்னு காத்திருக்காதீங்க. எச்சில் கூட முழுங்க முடியல, ரத்த வாந்தி, வேர்த்து விறுவிறுத்து மயக்கம், இதுகளும் அதே கணக்குதான்.

மிச்சதெல்லாம் அபூர்வம், தெரிஞ்சு வச்சுக்க மட்டும் சொல்றேன். கணையம் மேல இழுபட்டா அதோட முதுகுல ஒட்டிப் போற மண்ணீரல் வெயினும் இழுபடும், அந்த வெயின் எந்தக் காரணத்தால அடைச்சாலும் ஈரல் நல்லா இருக்கையிலேயே இரைப்பைக்குள்ள வெயின்க புடைச்சு ரத்த வாந்தி வரும், குடிக்காத ஆளப் பாத்து குடிப்பழக்கம் உண்டான்னு திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. பெருங்குடல் ஏறிருந்தா அதுக்குப் போற ரத்தக்குழாய் இழுத்து விறைச்சு அந்தத் துண்டு அழுகலாம். இரைப்பைல ஆழமா விழுந்த புண்ணு பின்னாடி அயோர்ட்டாவுக்குள்ளயோ முன்னாடி ஹார்ட்டு உறைக்குள்ளயோ ஓட்டை போட்டதா உலகத்துல அங்கொண்ணும் இங்கொண்ணுமா எழுதியிருக்காங்க, பெரும்பாலும் ஏற்கனவே அங்க ஆபரேஷன் ஆனவங்களுக்கு. அயோர்ட்டா ஓட்டைக்கு ஒரு குணம் உண்டு, மொதல்ல கொஞ்சம் ரத்த வாந்தி வந்து நின்னுரும், சில மணி நேரமோ சில நாளோ அமைதி, அப்புறம் மொத்தமா கொட்டும். 1914லயே கியாரின்னு ஒரு டாக்டர் எழுதி வச்ச விஷயம். அதனால ரத்த வாந்தி நின்னுருச்சுன்னு வீட்டுக்குக் கிளம்புறது எந்தக் காரணத்துக்கா இருந்தாலும் தப்பு.

ஆபரேஷனுக்கு வருவோம். லேப்ராஸ்கோப்பில அஞ்சு சின்ன ஓட்டை போட்டு, ஏறுன இரைப்பையக் கீழ இழுத்து, நெஞ்சுக்குள்ள ஹெர்னியாவச் சுத்தி இருக்குற சவ்வுப் பையப் பிரிச்செடுத்து, தளர்ந்த வழியத் தையல் போட்டு இறுக்கி, இரைப்பையோட மேல் பகுதிய உணவுக்குழாயச் சுத்தி ஒரு மடிப்பு போடுவாங்க, ருடால்ஃப் நிஸ்ஸன் 1956ல சொன்ன வழி, இப்ப அதுல பல மாற்றம் வந்துருச்சு. இங்கயும் ரத்தக்குழாய்தான் கவலை. தையல் போடுற தசைக்குப் பின்னாடியே அயோர்ட்டா, வலது பக்கம் பெரிய வெயின், முன்னாடி மேல ஹார்ட்டு உறை. தையலுக்குப் பலமா மெஷ்ங்கிற வலை வச்சு அத ஸ்க்ரூ மாதிரி இருக்குற பின் அடிச்சு மாட்டையில அது டயாஃபிரத்தத் தாண்டி ஹார்ட்டக் குத்தி உயிர் போனதே உண்டு, அதனால விவரமான சர்ஜன்க அந்த எடத்துல பின் அடிக்க மாட்டாங்க, தையல்தான் போடுவாங்க. இன்னொரு நுணுக்கம், நூத்துல 10, 15 பேருக்கு ஈரலோட இடது பக்கத்துக்குப் போற ஆர்ட்டரி வழக்கமான எடத்துல இல்லாம லெஃப்ட் கேஸ்ட்ரிக்ல இருந்து கெளம்பி, சர்ஜன் மொதல்ல வெட்டித் திறக்குற மெல்லிசுத் திரைக்குள்ளயே போகும். சிடில முன்கூட்டியே பாத்துச் சொல்லிட்டா அவரு பாத்துக் கை வைப்பாரு.

கண்டிப்பா வேணுமான்னா, எல்லாருக்கும் வேண்டாம். தொந்தரவே இல்லாத பெரிய ஹெர்னியாவுக்கு முன்னெல்லாம் கண்டதும் ஆபரேஷன்தான். 1967ல ஸ்கின்னர், பெல்ஸின்னு ரெண்டு சர்ஜன்க எழுதுன கட்டுரைல ஆபரேஷன் பண்ணாம விட்ட 21 பேர்ல 6 பேரு செத்துப் போனாங்க, அந்தப் பயம் முப்பது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. 2002ல வந்த கணக்கு என்ன சொல்லுச்சுன்னா, தொந்தரவு இல்லாதவங்களுக்குத் திடீர் அவசரம் வர்றது வருஷத்துக்கு நூத்துல ஒருத்தருக்குத்தான், அதனால காத்திருந்து பாக்கலாம். இது பெரிய ஆறுதல்தான். ஆனா உங்க அம்மா அந்தக் கூட்டத்துல இல்ல தம்பி. ரத்தம் ஏத்துற அளவுக்குக் குறையுது, சாப்பிட்டா மூச்சு வாங்குது, இது தொந்தரவு இல்லாத ஹெர்னியா இல்ல. கொலனோஸ்கோப்பில வேற காரணம் இல்லன்னு வந்து, உடம்பு மயக்க மருந்தத் தாங்கும்னு அனஸ்தீசியா டாக்டர் சொன்னா, நான் ஆபரேஷன் பக்கம்தான் பேசுவேன். பண்ணுனவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ரத்தக்குறைவு சரியாகுது. ஒளிக்காம இன்னொண்ணும் சொல்லிர்றேன், அஞ்சு வருஷம் கழிச்சுப் படம் எடுத்தா பாதிப்பேருக்கு மேல கொஞ்சமாச்சும் திரும்ப ஏறியிருக்கு, 2011ல வந்த ஒரு முக்கியமான ஆராய்ச்சில அப்படித்தான் இருந்துச்சு. ஆனா அதுல பெரும்பாலானவங்களுக்குத் தொந்தரவு திரும்பல, மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது கொஞ்சப் பேருக்குத்தான். உடம்பு தாங்காதுன்னா இரைப்பையக் கீழ இழுத்து வயித்துச் சுவரோட வச்சுத் தைக்கிற சின்ன ஆபரேஷனும் இருக்கு, முறுக்கு விழாமலாவது தடுக்கும்.

அதுக்குள்ள இப்பவே செய்ய வேண்டியது. பேன்டோப்ரசோல நிறுத்தாதீங்க, புண்ணு ஆற அது வேணும், ஆனா ஆசிட் குறைஞ்சா இரும்புச்சத்து மாத்திரை சரியா உறிஞ்சாது, அதனால மாத்திரைல ஹீமோகுளோபின் ஏறலன்னா நரம்பு வழியா இரும்பு ஏத்தலாமான்னு கேளுங்க, இப்ப ஒரே நாள்ல 1000 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துற மருந்து வந்துருச்சு. மாத்திரை சாப்பிட்டா டீ, காபியோட சேத்துக் குடுக்காதீங்க. ஒரே மூச்சுல ஒரு தட்டு சோறு வேண்டாம், அதப் பிரிச்சு நாலஞ்சு தடவையா, மென்னு சாப்பிடட்டும். ராத்திரி சாப்பாட்ட ஏழு மணிக்குள்ள முடிச்சிட்டு மூணு மணி நேரம் படுக்காம உக்காந்துருக்கட்டும், பத்து மணிக்கு நீங்க வாங்கிட்டு வர்ற பரோட்டா சால்னா அவங்களுக்கு வேண்டாம். பாவாடை நாடாவ இடுப்புல இறுக்கிக் கட்டுறாங்களான்னு பாருங்க, அந்த இறுக்கமே வயித்துல இருக்குறத மேல தள்ளும், லூசா கட்டச் சொல்லுங்க. தண்ணிக் குடம் தூக்குறது, குனிஞ்சு கூட்டுறது வேண்டாம்.

எங்க காட்டுறதுன்னா, கோரிப்பாளையத்துகிட்ட பெரியாஸ்பத்திரியிலேயே வயிறு, குடல் ஆபரேஷனுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, காலைல ஓபிக்குப் போங்க, முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க. தனியார்ல பாக்குறதா இருந்தா, இந்த ஆபரேஷன அடிக்கடி பண்றவரான்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, எல்லா லேப்ராஸ்கோப்பி சர்ஜனும் பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியா பண்றதில்ல. மறுபடி சிடி எடுக்கச் சொன்னா கிரியாட்டினின்னு கிட்னிக்கான ரத்த டெஸ்ட்டு பாத்துட்டு ரத்தக்குழாய்ல மருந்து ஏத்தி எடுக்கணும். ரிப்போர்ட்டுல இரைப்பைல எத்தன பங்கு மேல இருக்கு, கூட வேற என்ன ஏறியிருக்கு, முறுக்கு இருக்கா, லெஃப்ட் ஏட்ரியம் அமுங்குதா, ஈரல் ஆர்ட்டரி எங்கருந்து வருது, இதெல்லாம் எழுதச் சொல்லிக் கேளுங்க. பணம் கட்டையில பேப்பர் ரிப்போர்ட்டோட சிடி டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கோங்க, சர்ஜன் ரிப்போர்ட்டப் படிச்சிட்டு விட மாட்டாரு, கம்ப்யூட்டர்ல போட்டு படத்த மேல கீழ உருட்டித்தான் பாப்பாரு.